பழப்புளியில் மினுக்கிய டியூக்

நம் வயதுக்காரருக்கு, அதாவது இரண்டாயிரமாம் ஆண்டளவில் மொன்ட்ரியாலில் பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்த நமக்கு, சம்பளமில்லாத ஒரு உத்தியோகம் இருந்தது. வீட்டுக்காரன் கடிதம் போட்டாலும், பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டாலும், டாக்டர் அம்மாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாலும், நடுவில் நின்று பிரெஞ்சைத் தமிழாக்கியதும் தமிழைப் பிரெஞ்சாக்கியதும் நாம்தான். பெற்ற தாயின் அந்தரங்க நோயை ஒரு அந்நிய ஆணுக்கு விளக்கியவர்கள் உங்களில் எத்தனையோ பேர். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. கூடுகிற இடத்தில் அதையெல்லாம் பகிடியாகச் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் இதுவரை சொன்னதில்லை.

அப்போது நாங்கள் கார்ட்டியர்வில்லில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலை. இறங்கிய விமானத்துக்குள் ஏறி, அடுத்த பயணிகள் வருவதற்குள் கூட்டித் துடைத்துவிட்டு இறங்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது அவருடைய கோட்டுப் பைக்குள் ஏதாவது இருக்கும். எங்கள் வீட்டில் உப்பும் மிளகும் சின்னக் கடதாசிப் பைகளில்தான் இருந்தன. சோபாவில் நீல நிற விமானக் கம்பளி. தேநீர்க் கரண்டிகளின் பிடியில் ஏதோ ஒரு கம்பனியின் பறவை சிறகை விரித்திருக்கும். எறியப் போகிற சாமான்தானே என்பார் அப்பா. அம்மாவுக்கு அது பிடிக்காது. ஆனாலும் அந்தக் கரண்டியால்தான் சீனி கலக்கினார்.

அம்மாவுக்கு வேலை அஹுன்ட்சிக்கில், ஆற்றங்கரையோரம் தனியாக இருந்த ஒரு கிழவரின் வீட்டில். அவர் ஜெர்மன்காரர், மனைவி இறந்துபோனவர். நாங்கள் அவரை முசியூ என்றே சொன்னோம். வீட்டைத் துடைப்பதும், சூப் வைப்பதும், மருந்து எடுத்துக் கொடுப்பதும் அம்மாவின் வேலை. அம்மாவுக்கு பொன்ஜூரும் மெர்சியும் மட்டும்தான் தெரியும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் பஸ் பிடித்து அங்கே போய்விடுவேன். நாள் முழுக்க இரண்டு பேரும் சைகையில் சேர்த்துவைத்த கதைகளை நான் வந்ததும் அவிழ்ப்பார்கள். அந்த வீட்டில் சுருட்டு மணமும் பழைய கம்பள மணமும் எப்போதும் இருக்கும். முசியூவின் மகள் ஒட்டாவாவில் இருந்தார். வருடத்தில் இரண்டு மூன்று தடவை வந்து கடிதங்களையும் வங்கி அலுவல்களையும் பார்த்துவிட்டுப் போவார். அவர் எங்களுக்கு மதாம்.

அண்ணா யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவோடு இருந்தான். இடப்பெயர்வில் அவனுடைய பத்திரங்கள் தொலைந்துபோனதால், அம்மாவும் நானும் வந்து சேர்ந்தபிறகும் அவனுடைய கோப்பு மட்டும் பின்னுக்கு நின்றது. அந்த வருடம் ஊரில் சண்டை நெருங்கி வந்திருந்தது. அவன் வயதுப் பெடியங்கள் சைக்கிளில் சந்திக்குப் போனாலும் திரும்பி வரும்வரை வீட்டில் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். வருகிற ஆனியில் அவனுக்குப் பத்தொன்பது முடியும், அதற்குப் பிறகு பிள்ளை என்று சொல்லிக் கூப்பிட முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அப்பாவின் வேலை நிரந்தரமில்லை. அம்மாவுக்கு நிலையான வேலை இருக்கிறது என்று வேலை கொடுப்பவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். முசியூ சம்மதித்தார். மகள் ஈஸ்டருக்கு வரும்போது எழுதித் தருவாள் என்றார். அம்மா அந்தக் கடிதத்துக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் சாப்பிடாமல் விரதம் இருந்தார்.

தை மாதத்தில் ஒரு பின்னேரம். வெளியே ஆறு உறைந்துபோய்க் கிடந்தது. முசியூ மேசை லாச்சியைத் திறந்து, பச்சைத் துணி விரித்த தட்டையான மரப்பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே குழி குழியாக நாணயங்கள். நடுவில் இருந்த பெரியதை நகத்தால் கிளப்பி எடுத்தார். மாரி பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் சின்னது. கறுத்துப்போன வெள்ளி. விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருந்தது. கவசம் போட்ட தாடிக்காரர் ஒருவர் குதிரையில் இருந்தார். குதிரை முன்னங்கால்களைத் தூக்கியிருந்தது. அவர் கையில் உயர்த்திய வாள்.

அது முந்நூறு நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு குட்டி ஜெர்மன் நாட்டின் காசு என்றார். நாடென்றால், காலையில் குதிரையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே அடுத்த நாட்டுக்குள் போய்விடலாம். இரண்டு பெயர்களைக் கோடு போட்டு ஒட்டிய ஒரு நீளப் பெயர் அதற்கு. எனக்கு இப்போதும் வாய்க்குள் வராது. மியூசியங்களில்கூட இந்தக் காசு விரல்விட்டு எண்ணத்தான் இருக்குமாம். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, இரண்டாம் உலகச் சண்டை முடியப்போகிற நேரம், அவருடைய தாய் அதைக் கோட்டின் அடி மடிப்புக்குள் வைத்துத் தைத்து, அவரைத் தனியாக ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறார். அவர் வந்து சேர்ந்தார். தாய் வந்து சேரவில்லை.

பிறகு அந்தக் காசை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். என் அம்மா தந்தது என்னைக் கொண்டுவந்து சேர்த்தது, இது உன் மகனுக்கு, அவனும் வந்து சேரட்டும் என்றார். அதை நான் ஒரு சொல்லும் விடாமல் சரியாகத்தான் சொன்னேன்.

அம்மா கையைத் திறந்து பார்த்தார். பிறகு காசைக் கண்களில் ஒற்றினார்.

"பார் பிள்ளை, எங்கடை யாகப்பர். குதிரையையும் வாளையும் பார்."

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் புனித யாகப்பர் அப்படித்தான் இருப்பார். வெள்ளைக் குதிரையில், வாளை ஓங்கிக்கொண்டு. மொன்ட்ரியால் கோயில்களில் அம்மா அவரைத் தேடாத இடமில்லை. இங்கே உள்ள யாகப்பர் கையில் தடியோடு கால்நடையாகப் போகிற ஒரு பரதேசி. குதிரையும் இல்லை, வாளும் இல்லை. இது அவரில்லை, ஆரோ வேறை ஆள் என்று அம்மா அந்தச் சுருபங்களுக்கு மெழுகுதிரியும் கொளுத்த மாட்டார். அப்படித் தேடியவர் கைக்குள் குதிரையோடும் வாளோடும் வந்து விழுந்தால் என்ன நினைப்பார்?

குதிரையில் இருப்பது யார் என்று முசியூவைக் கேட்டேன். அந்த நாட்டின் டியூக் என்றார். போன சண்டை எல்லாவற்றிலும் தோற்றவன், அதனால்தான் காசிலாவது வாளைத் தூக்கியிருக்கிறான் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அம்மாவிடம் கட்டாயம் சொல்லச் சொன்னார். இதைக் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது. இந்தக் கறுப்புத்தான் இதன் வயது. அது போனால் இது வெறும் வெள்ளித் துண்டு.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஊரைவிட்டு வந்தபிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. யாகப்பரைக் கழுவக் கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்லப் போனால் டியூக்கையும் சொல்ல வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. பத்திரமா வைச்சிருக்கட்டாம் என்று மட்டும் சொன்னேன். எல்லாம் சொன்னாயா என்று முசியூ கேட்டார். எல்லாம் சொன்னேன் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா பழப்புளியைக் கரைத்தார். கோயில் பொருளைக் கறுக்க விடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் இல்லை. விமான உப்புப் பைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொட்டி, பழைய பல் துலக்கும் பிரஷால் குதிரையின் கால்களுக்கு நடுவே, வாளின் நுனியில், தாடியின் மடிப்பில் எல்லாம் தேய்த்தார். சிங்கில் கறுப்புத் தண்ணீர் ஓடியது. புளிப்பும் வெள்ளியும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. நான் பக்கத்தில் நின்று, அந்த வயது முழுவதும் குழாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நகைக்கடையில் கொடுத்து, மேலே ஒரு காது ஒட்டி வளையம் போட்டார்கள். அம்மா அதை நீல நூலில் கோத்து மாதா சுருபத்தின் கழுத்தில் போட்டுவைத்தார். அண்ணா டோர்வலில் வந்து இறங்குகிற அன்று அவன் கழுத்தில் கட்டுவதென்று நேர்த்தி.

ஈஸ்டருக்கு இரண்டு கிழமை இருக்கும்போது முசியூவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் வாய் ஒரு பக்கம் இழுத்தபடி கிடந்தார். கண் மட்டும் எங்களோடு கதைத்தது. மதாம் வந்து வீட்டை ஒதுக்கத் தொடங்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. அம்மா சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார். மதாம்தான். பச்சைத் துணியின் நடுக்குழி வெறுமையாக இருக்கிறது, வீட்டுத் திறப்பு உன் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது, பொலிசுக்குப் போகுமுன் நேரில் வந்து கேட்க விரும்புகிறேன் என்றார். கத்தவில்லை. மிக மரியாதையாகச் சொன்னார். முசியூ தந்தவர் என்று அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். ஒரு பெரிய மனுசி என்னைக் கேள்வி கேட்கிறார் என்பதிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பா வந்ததும் சொன்னேன். அவர் என்னை நிலக்கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடுப்புத் தோய்க்கிற மெஷின்கள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன.

"எடுத்தது பிழை, மன்னிக்க வேணும் எண்டு சொல்லு," என்றார். "அந்தாள் வாய் பேசேலாமல் கிடக்குது. தந்தவர் எண்டு சொன்னா ஆர் நம்புவினம்?"

"அவர் தந்தவர் அப்பா. நான் பக்கத்திலை நிண்டனான்."

"நீ சின்னப்பிள்ளை. கொண்ணன் வர வேணுமோ, வேண்டாமோ?"

அப்பாவை இப்போது நினைத்தால் ஆத்திரமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அவர் செய்யாத பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டே உயிரோடு வந்து சேர்ந்தவர். ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் தலையைக் குனிந்து, சொறி சேர் என்று சொல்லித்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறார். உண்மை சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். அதைவிட, அம்மாவை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வீட்டில் பறவைக் கரண்டிகளைக் கொண்டுவந்து அடுக்கியவருக்கு, அம்மாவும் அப்படி ஒன்றைக் கொண்டுவந்திருப்பார் என்பதில் அதிசயம் ஒன்றும் இருக்கவில்லை. கடிதம் கிடைக்கும்வரை அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதே என்றார்.

அதனால் சனிக்கிழமை மதாம் வந்தபோது, அம்மா கடிதம்தான் வருகிறதென்று நினைத்தார். நல்ல சேலை கட்டினார். றோல்ஸ் பொரித்து வைத்தார். தேநீரைக் கொண்டுவந்து வைத்தபோது மதாம் கரண்டியை எடுத்தார், பிடியில் இருந்த பறவையைப் பார்த்தார், பிறகு தான் இருந்த சோபாவின் நீலக் கம்பளியைப் பார்த்தார். கரண்டியைக் கலக்காமலே கீழே வைத்தார்.

காசு எங்கே என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்க்குமுன், முசியூவின் பெயர் காதில் விழுந்ததும் அம்மா தானாகவே எழும்பிப் போய் மாதாவின் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறேன் பார் என்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். காசு ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. மதாம் அதைத் திருப்பினார். காதைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தகப்பன் ஐம்பத்தைந்து வருடம் காப்பாற்றிக் கொண்டுவந்ததை நீங்கள் ஒரு கிழமையில் கொன்றுவிட்டீர்கள் என்றார்.

"என்ன சொல்லுறா?" என்றார் அம்மா.

"நல்ல வடிவா இருக்காம்."

அம்மா சிரித்தார். "முசியூ என்ரை மகனுக்கெண்டு தந்தவர் எண்டு சொல்லு. அவன் வந்து இறங்கேக்கை கட்டப்போறன் எண்டு சொல்லு."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மதாமைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னேன். அம்மா அதை எடுத்துவிட்டார், அது பிழை, அவர் மன்னிப்புக் கேட்கிறார், தயவுசெய்து கடிதத்தைத் தாருங்கள். என் உச்சரிப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. வகுப்பில் பிரெஞ்சுக்கு முதல் பரிசு எனக்குத்தான். நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மதாம் காசைக் கைப்பைக்குள் வைத்து எழும்பினார். பொலிசுக்குப் போக மாட்டேன், ஆனால் இந்த வீட்டுக்கு என் பெயரில் ஒரு கடிதமும் எழுத மாட்டேன் என்றார். ஏன் கொண்டுபோறா என்று அம்மா கேட்டார். தகப்பனுக்குக் காட்டப் போறாவாம் என்றேன். கொண்டு போகட்டும், யாகப்பர் அந்தாளை எழுப்பிவிடுவார் என்று சொல்லி, றோல்ஸில் நாலைக் கடதாசியில் சுற்றி மதாமின் கையில் திணித்தார் அம்மா. மதாம் அதைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் எடுத்து ஒளித்து எறிந்தேன்.

இரண்டு கிழமைக்குள் எல்லாம் வெளியே வந்தது. அப்பா வேறு வழியில்லாமல் அம்மாவிடம் சொன்னார், அவ நம்பேல்லை, களவெண்டு நினைக்கிறா, காசும் வராது, கடிதமும் வராது என்று. நான் என்ன சொன்னேன் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் அம்மா, தான் சொன்ன உண்மை சொன்னபடியே போய்ச் சேர்ந்தது, மதாம்தான் அதை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டார். ஆனி வந்தது. அண்ணாவுக்குப் பத்தொன்பது முடிந்தது. கோப்பை மூடிவிட்டார்கள். கடிதம் கிடைத்திருந்தாலும் நேரத்துக்கு வந்திருப்பானோ தெரியாது என்று வக்கீல் பிறகு ஒரு நாள் சொன்னார். அது ஆறுதலா, இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

அண்ணா தொலைபேசியில் காரணம் கேட்டபோது அப்பா சொன்ன ஒரு வசனம் போதும், அம்மாவின் மிச்ச வாழ்க்கையைக் கசப்பாக்க. கொம்மா அந்த வீட்டிலை ஒரு சாமானிலை கை வைச்சிட்டா தம்பி, அதாலைதான். அம்மா குசினியில் நின்று அதைக் கேட்டார். ஓடிவந்து வாங்கி, அவர் தந்தவரடா என்றார். அண்ணா நம்பவில்லை. அப்பாவும் நம்பாததை அவன் எப்படி நம்புவான்? பிறகு அவன் எப்படியோ கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கட்டாருக்குப் போய் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பான். அம்மா எடுத்தால், அப்பா நிக்கிறாரோ என்பான்.

அம்மா அந்தப் புரட்டாதியிலேயே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார். சொல்லியும் நம்பாதவளுக்கு ஒரு நாளைக்கு நானே நேரே சொல்ல வேணும் என்றார். பகலில் ஒரு ஹோட்டலில் அறை துடைத்துவிட்டு வந்து, குசினி மேசையில் கொப்பியை விரித்து வினைச்சொற்களை முணுமுணுப்பார். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பார். நானும் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு எதிரான சாட்சியை நானே தயார்பண்ணுகிறேன் என்று தெரிந்துகொண்டு.

நாலு வருடம் கழித்து, எனக்குப் பதினாறு வயதில், ஒரு பொதி வந்தது. நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா அதை உடைத்து, கடிதத்தை மேசையில் விரித்து, விரலை வரிக்கு வரி ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அகராதி. அதற்கும் பக்கத்தில் காது ஒட்டிய காசு.

முசியூ பேச்சுத் திரும்பாமலே அந்த மாரியில் இறந்துவிட்டார். அவருடைய நாணயப் புத்தகத்துக்குள், அந்த டியூக்கின் பக்கத்தில், அவர் கையால் எழுதிய துண்டொன்று இருந்திருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு, அவளுடைய மகனுக்காக. மதாம் மன்னிப்புக் கேட்டிருந்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அடுத்த வரியில், எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை, நீங்கள் எடுத்ததாக உங்கள் மகளே சொன்னாளே, ஏன் அப்படிச் சொல்லச் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தார்.

அம்மா விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் சொன்னதை நீ சொல்லேல்லை."

அப்பா சொல்லச் சொன்னவர் என்றேன். அதுவும் உண்மைதான், ஆனால் சொன்ன வாய் என்னுடையது. அம்மா கொஞ்ச நேரம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கடிதத்தில் டியூக் எண்டு கிடக்குது, அப்ப இது யாகப்பரும் இல்லையோ என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். அம்மா என்னை அடித்திருக்கலாம். ஏசியிருக்கலாம். எழும்பிப் போய்க் கரண்டி லாச்சியைத் திறந்து, காசை அந்தப் பறவைக் கரண்டிகளோடு போட்டு மூடினார். அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணா எடுத்தபோது, கடிதத்தை அவனுக்குத் தமிழில் வாசி என்றார். நான் வாசிக்க வாசிக்க அம்மா பிரெஞ்சு வரிகளில் விரலை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நான் நிற்க, விரலும் நின்றது. என்னைப் பற்றிய வரி. அதையும் வாசித்தேன். அம்மாட்டைக் குடு என்றான் அண்ணா. அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

அம்மாவுக்காக நான் மொழிபெயர்த்தது அதுதான் கடைசி. கடையிலும் பஸ்ஸிலும் அவர் தன் பிரெஞ்சிலேயே சமாளிப்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே கேட்டு வைப்பார். போன மாதம் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மொழிபெயர்க்கச் சென்னைப் பிள்ளை ஒன்று வந்தது. அம்மாவின் தமிழில் பாதி அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. பூஞ்சல், மங்கல் என்றெல்லாம் அம்மா நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். நான் பக்கத்துக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

முடிந்து எழும்பும்போது அந்தப் பிள்ளை என்னைக் காட்டி, இவங்க யாரு என்று கேட்டது. மகள் என்றார் அம்மா.

"அவங்களுக்கு பிரெஞ்ச் தெரியாதா, ஆன்ட்டி?"

"நல்லாத் தெரியும்," என்றார் அம்மா.